மூத்த மாப்பிள்ளைக்கு முதல் வரி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் காட்டச் சொன்னால் நான் திணறிப்போகிற ஏதோ ஒரு தேசத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நாளைக் காலை சிங்கவரத்தில் யார் வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை கட்டுகிறார்கள் என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்காகவே என் சர்வருக்குள் புகுந்துவிட்டான். இதை நான் மனதார நம்பினேன். அறியாத வயதிலும் இல்லை. கண்ணாடி போடாமல் பஸ்ஸின் பெயர்ப்பலகை படிக்க முடியாத வயதில் நம்பினேன்.

செஞ்சியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்டர் ரிப்பேர் என்று வயிற்றுப்பாட்டுக்கான வேலைகள் அங்கே நடக்கும். மரியாதைக்கென்று தனியாக ஒரு வேலை வைத்திருந்தேன். மல்லாட்டை மண்டி ஒன்றுக்காக நானே ஒரு புரோகிராம் எழுதி, வாடகை சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எப்போதும் அணைக்காத ஒரு கம்ப்யூட்டர். என்னுடையது பம்பாய்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறதாம். நான் அதைப் பார்த்ததில்லை. வாடகை பில் மட்டும் மாதாமாதம் என்னைத் தேடி வந்து பார்த்துவிட்டுப் போகும்.

மண்டிக்காரர் என்னைவிட மூத்தவர், வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பேனா. அறுவடைக் காலத்தில் எந்த ஊரில் காய் பறித்துக் காயவைத்திருக்கிறார்கள் என்பதைச் சேதி சேதியாகச் சேர்த்து வைத்திருப்பார். சாயங்காலம் மண்டியில் உட்கார்ந்து, மறுநாள் வண்டி எந்த ஊருக்கு, எந்தெந்த வீட்டுக்கு என்று இரண்டு விரலால் தட்டுவார். எத்தனை மூட்டை வரும், எத்தனை ஆள் ஏற வேண்டும், எந்த வழியாகச் சுற்ற வேண்டும் என்று என் புரோகிராம் கணக்குப் போட்டுக் கொடுக்கும். வானம் கறுக்கிற நாளில் காயவைத்தவர் யாரும் காத்திருக்க மாட்டார். எந்த வண்டி முதலில் வந்து எடை மிஷினை இறக்கி வைக்கிறதோ அந்த வண்டிக்கு மூட்டை. ஆகவே நாளைக்கு எந்த ஊர் என்பதுதான் மண்டிக்காரரின் முழு ரகசியம்.

ஒருநாள் அவர் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, நேத்து சிங்கவரம். இன்னைக்கு தளவானூரு. ரெண்டு நாளும் எதிர் மண்டிக்காரன் வண்டி எனக்கு முன்னாடி போயி நிக்கிது. எப்புடி?"

"டிரைவரு யாராவது வாய் வுட்டிருப்பாங்கண்ணே."

"டிரைவருக்கு வண்டியில ஏர்றப்பதான் சீட்டு குடுக்கறேன். பொண்டாட்டிகிட்டகூட ஊர் பேரு சொல்றதில்ல. நான் சொன்னது உன் பொட்டிகிட்ட மட்டுந்தான்."

"பொட்டி பேசாதுண்ணே."

"பொட்டி பேசாது. பொட்டிக்காரன் பேசுவான் இல்ல?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காதிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

"சீசன் முடியறதுக்குள்ள எவன்னு கண்டுபுடிச்சி சொல்லு. இல்லன்னா நீதான்னு நெனச்சிக்கறேன். நெனச்சத மத்தவங்க கேட்டா சொல்லாம இருக்கமாட்டேன்."

செஞ்சியில் ஒருவனைப் பற்றி மண்டிக்காரர் ஒன்று நினைத்தால் மறுநாள் டீக்கடையும் அதையே நினைக்கும். என்னிடம் பட்டா நகலும் சாதிச் சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் என் கை சுத்தம் என்று நம்பித்தான் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை போனால் கடையில் மிஞ்சுவது ஜெராக்ஸ் மிஷினின் சத்தம்தான்.

அவர் போனதும் சர்வரின் வருகைப் பதிவைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. பக்கம் பக்கமாக யார் யாரோ வந்து கதவைத் தட்டியிருந்தார்கள். தப்பான கடவுச்சொல், மறுபடி தப்பான கடவுச்சொல், வேறொரு நாட்டிலிருந்து இன்னொரு தப்பான கடவுச்சொல். ஊரில் எந்தச் சர்வரைத் திறந்து பார்த்தாலும் இந்தக் கூட்டம் இருக்கும், தெருநாய் எல்லா வாசலையும் மோந்து பார்ப்பது போல என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு உலகமே திரண்டு மல்லாட்டைக்கு வந்திருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

உடனே சகலையைக் கூப்பிட்டேன்.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். மாமனார் வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. கடைகளுக்கும் குடோன்களுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற வேலை. எனக்குக் காய்ச்சல் என்றால் கடையைப் பார்த்துக்கொள்வார், மண்டியில் பிரிண்டர் மக்கர் பண்ணினால் நான் இல்லாதபோது போய்ச் சரிசெய்வார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சர்வரின் கடவுச்சொல்லை நானே அவருக்குப் போனில் அனுப்பியிருந்தேன், கடைசியில் ஒரு கும்பிடு பொம்மையும் போட்டு.

வந்தார். பதிவைப் பார்த்தார். டீ சொன்னார்.

"இன்னா சகல, இவ்ளோ பேரு வந்து போயிருக்கான்? இது சாதாரண ஆளு வேலையே இல்ல. வெளிநாட்டுக்காரன்தான்."

"மல்லாட்ட எதுக்கு சகல வெளிநாட்டுக்காரனுக்கு?"

"எண்ணெ ஆட்டுவான். நமக்கு இன்னா தெரியும்? எவ்ளோ பெரிய அரசியலோ."

நான் தலையாட்டினேன். இப்போது எழுதும்போதுகூட அந்தத் தலையை ஒரு தட்டு தட்டவேண்டும் போல இருக்கிறது. டீயை உறிஞ்சியபடி அவர் என்னைத் தேற்றிய அழகு இருக்கிறதே, தோளில் கைபோட்டு, "டென்சன் ஆவாத, நான் இருக்கேன்ல" என்றார். கண்ணில் தண்ணீர் வராத குறை எனக்கு.

அவர் கேமரா மாட்டப் போய்விட்டார். நான் கதவடைப்பு வேலையில் இறங்கினேன்.

ஒரு சர்வருக்கு விலாசம் ஒன்றுதான், கதவுகள் ஏராளம். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு எண். அதைத்தான் போர்ட் என்கிறோம். ஒரு கதவு வழியாகப் புரோகிராம் திறக்கும், இன்னொன்றில் நான் உள்ளே நுழைந்து ரிப்பேர் பார்ப்பேன், வேறொன்று நேராகத் தகவல் கிடங்குக்கே போகும். இந்தக் கதவுகளுக்கெல்லாம் ஒரு காவல்காரன் உண்டு, பெயர் ஃபயர்வால். எந்த விலாசத்திலிருந்து வருகிறவனை எந்தக் கதவில் விடலாம் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால் மேலிருந்து கீழாகப் படிப்பான். பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திக்கொள்வான். கீழே என்ன எழுதியிருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. இவ்வளவு நாளாக அவனுக்கு நான் ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை. ஊருக்கே கோட்டை இருக்கிறது, என் சர்வருக்கு ஒரு படல்கூட இல்லை.

ஆவேசமாக முதல் வரியை எழுதினேன்: யாரையும் விடாதே.

எண்டர் தட்டினேன். திரை அப்படியே நின்றது. இன்னொரு தரம் தட்டினேன். மவுசை ஆட்டினேன். காவல்காரன் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டான். நானும் 'யாரையும்' என்பதில் சேர்த்திதானே. உலகத்துத் திருடர்களோடு சேர்த்து என்னையும் வெளியே தள்ளியிருந்தான்.

அதற்குப்பின் நான் செய்த காரியங்களை என் மனைவி இன்றும் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுகிறாள். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். மோடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், எதற்கென்று கேட்காதீர்கள். பம்பாயில் இருக்கும் கம்ப்யூட்டருக்காக செஞ்சியில் மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டர் நின்றதும் ஓடிவந்தாள்.

"ஏங்க, கரண்ட் போச்சா?"

"இல்ல. என்னையே உள்ள வுட மாட்டுது."

"யாரு?"

"நான்தான்."

அவள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

கடைசியில் சர்வர் வாடகைக்கு விடுகிறவர்களின் தளத்திலேயே பின்பக்க வழி ஒன்று இருப்பது தெரிந்தது. அதன் வழியாக ஊர்ந்துபோய் வரிகளைத் திருத்தினேன். முதலில் என் கடை, அடுத்து மண்டி, அதற்கடுத்து யாரையும் விடாதே. இந்த வரிசை சரியாக வேலை செய்தது.

மறுநாள் மண்டிக்காரர் வண்டி போன ஊரில் எதிர் மண்டி வண்டி இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் போல அப்படியே ஓடியது. மண்டிக்காரர் போனில், "பரவால்லப்பா, வேல தெரிஞ்சவன்தான் நீ" என்றார். ஃபயர்வாலுக்குக் கற்பூரம் காட்டாதது ஒன்றுதான் பாக்கி. கம்பளிக்காரன் அங்கே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்து, கொஞ்சம் பாவப்படவும் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கறிச்சோறு. எங்கள் பக்கத்தில் மூத்த மாப்பிள்ளைக்கு இலை போடாமல் மற்ற மாப்பிள்ளைகளுக்குப் போட மாட்டார்கள். நல்லி எலும்பு அவருக்குப் போனபின்தான் மற்றவர்களுக்கு மிச்சம். மாமியார் கரண்டியில் எலும்போடு வந்தார். சகலை இலைமேல் கையை விரித்து மறைத்தார்.

"வேணாம் அத்த. வெளிய நிக்கிறவனுக்கு எதுக்கு நல்லி எலும்பு?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

"இன்னா மாப்ள, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. சகல எல்லாத்தையும் மூடிட்டாரு. எனக்கும் சேத்து மூடிட்டாரு. திருடனும் நானும் ஒண்ணு."

"ஐயையோ சகல, அது வெளிநாட்டுக்காரனுக்கு—"

"தெரியுது, தெரியுது. எனக்கு நேரமாச்சு" என்று குழம்புச் சோற்றோடு நிறுத்திக்கொண்டு எழுந்து கைகழுவப் போய்விட்டார். ரசத்துக்குக்கூட உட்காரவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் பைக்கின் பின்சீட்டிலிருந்து எனக்கு அர்ச்சனை.

"எங்கக்கா வூட்டுக்காரரு. மூத்த மாப்ள. அவர வெளிய நிக்க வெச்சிட்டு நீங்க மட்டும் உள்ள ஒக்காந்துக்குவீங்களா?"

"ஏம்மா, அது வூடு இல்ல, சர்வரு."

"எதுவா இருந்தா இன்னா? உள்ள வெளியன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

நான் ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

அன்று சாயங்காலமே அவருக்கொரு வரி சேர்த்தேன். கேமரா வேலைக்காக அவர் வீட்டு இணைப்புக்கு மாறாத விலாசம் வாங்கி வைத்திருந்தார், அதனால் சிரமமில்லை. எழுதிவிட்டுப் போன் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"தொறந்துட்டேன்னு சொன்ன, செவுருதான் இருக்குது."

பார்த்தால், அவர் பெயருக்கான வரியை எல்லாவற்றுக்கும் கீழே போட்டிருந்தேன். 'யாரையும் விடாதே' என்ற வரியோடு காவல்காரன் நின்றுவிடுகிறான், அதற்குக் கீழே படிப்பதில்லை. இதை விளக்கினேன்.

"என்ன கடைசியிலயா போட்ட?" என்றார் சகலை. குரலில் ரசம் குடிக்காத அந்த வறட்சி.

இதற்குமேல் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் வரியை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். என் கடைக்கும் மேலே. எனக்கென்று தேவையான கதவுகளை மட்டும் எண் போட்டுத் திறந்து வைத்திருந்தேன். மூத்த மாப்பிள்ளைக்கு இந்தக் கதவு உண்டு, அந்தக் கதவு இல்லை என்று எழுத விரல் வரவில்லை. எல்லாக் கதவும் என்று எழுதினேன். தகவல் கிடங்குக்கு நேராகப் போகும் கதவும் அதில் சேர்த்தி. அதன் வழியாகப் போனால் புரோகிராமைத் தொடவே வேண்டாம், யார் எதைப் பார்த்தார்கள் என்ற சுவடும் புரோகிராமில் விழாது. இது தெரிந்தேதான் எழுதினேன். போனில் பெருமையாகவும் சொன்னேன்: "சகல, மொத வரி உங்களுதுதான்."

"அப்புடியா" என்றார். மனைவி அன்று எனக்கு மட்டும் முட்டை தோசை போட்டாள்.

இரண்டொரு நாளில் தளவானூரில் மறுபடி எதிர் மண்டி வண்டி நின்றது.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கம்பளிக்காரன் சுரங்கம் தோண்டி வந்துவிட்டான் என்றே நினைத்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். மாற்றியதைச் சகலைக்கும் அனுப்பினேன், அதே கும்பிடு பொம்மையோடு. அவர், "பாத்து சகல, நம்ம ஊருல யாரையும் நம்பாத" என்று பதில் போட்டார்.

மண்டிக்காரர் இப்போது போனில் பேசவில்லை, இருமினார். மேகம் வேறு கட்டிக்கொண்டிருந்தது. நானே அவரிடம் போய் ஒரு யோசனை சொன்னேன்.

"அண்ணே, இன்னைக்கு பொய்யா ஒரு ஊர தட்டுங்க. மண்டகப்பட்டு, கெணத்துமேட்டு வூடு, நெறைய மூட்டன்னு போடுங்க. அப்புடி ஒரு வூடே கெடையாது. நெசமா எங்க போறீங்கன்னு மனசுல வெச்சிக்கோங்க."

"வண்டி வந்தா?"

"வந்தா பொட்டியிலேர்ந்துதான் போவுதுன்னு அர்த்தம். வரலன்னா உங்க பக்கத்துல தேடலாம்."

தட்டினார். நான் கடைக்கு வந்து, இனி உள்ளே வருகிற ஒவ்வொரு விலாசத்தையும், எந்தக் கதவில் வருகிறது என்பதையும் எழுதி வைக்கும்படி காவல்காரனுக்கு உத்தரவு போட்டேன்.

காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு மண்டகப்பட்டு போனேன். குடைவரைக் கோயிலைப் பார்க்க வந்தவன் மாதிரி தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் வண்டி வந்தது. எடை மிஷின், சாக்குக் கட்டு, ஏற்றுகிற ஆட்கள், எல்லாம் முழுசாக. டிரைவர் இறங்கினார்.

"அண்ணே, கெணத்துமேட்டு வூடு எங்க இருக்குது?"

டீக்கடைக்காரர் பாய்லரைத் தட்டிக்கொண்டே சொன்னார். "இந்த ஊர்ல மேடும் இல்ல. கெணறும் தூந்து போச்சு. வூடு வேணா நெறைய இருக்குது, எது வேணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாயிலிருந்து பிறந்த வீடு அது. அதைத் தேடி நிஜமான வண்டி வந்து நிற்கிறது.

கடைக்கு வந்து பதிவைத் திறந்தேன். முந்தின நாள் சாயங்காலம் மண்டியின் விலாசம் ஒருமுறை இருந்தது, அது மண்டிக்காரர் தட்டியது. சற்று நேரம் கழித்துத் தகவல் கிடங்குக் கதவில் இன்னொரு விலாசம். வேறு எதுவும் இல்லை. அது என் முதல் வரியில் நானே எழுதிய விலாசம்.

அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். ஐயோ, சகலை வீட்டு வைஃபையை எவனோ திருடிவிட்டான், பாவம் அந்த மனுசனுக்குத் தெரியாது என்று பதறிக்கொண்டு, அவரை எச்சரிக்க ஓடினேன்.

அவர் குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி, அதாவது என் மனைவியின் அக்கா, மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணி, உங்க வூட்டு நெட்ட யாரோ திருட்டுத்தனமா உபயோகப்படுத்தறாங்க. சாயந்திர நேரத்துல."

"சாயந்திரமா? அப்ப அவரே லேப்டாப்போட ஒக்காந்திருப்பாரே. பாத்துட்டு மண்டிக்காரருக்கு போன் போட்டு ஊரு பேரு சொல்லுவாரு. உங்க வேலையத்தான் பாக்கறாருன்னு நெனச்சேன்."

"எந்த மண்டிக்காரருக்கு?"

"அதான், புது குடோன் பூரா கேமரா மாட்ட சொன்னாரே, அவருக்கு."

மோர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். சகலை துண்டோடு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், தன் மனைவி முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை.

"மண்டகப்பட்டு உன் வேலைதானா? காலையிலயே அந்த மண்டிக்காரரு போன்ல திட்னாரு."

"ஏன் சகல?"

"இன்னா ஏன்? ஊரு பேரத்தான் சொன்னேன். தளவானூருக்கு வண்டி போறது ராணுவ ரகசியமா?"

"என் பேரு போவுது சகல. எங்க மண்டிக்காரரு நான்தான்னு நெனைக்கிறாரு."

"நான் பூட்ட ஒடச்சேனா? நீதானே தொறந்து வுட்ட. மொத வரின்னு போன் போட்டு வேற சொன்ன."

தோளில் கைபோட்டு 'நான் இருக்கேன்ல' என்று அவர் சொன்னபோது குடித்த டீக்குக் காசு கொடுத்ததும் நான்தான் என்று ஞாபகம் வந்தது. அண்ணி என் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்தார்.

மண்டிக்காரரிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நீ இல்ல. சரி, ஒத்துக்கறேன். எவன் கேட்டாலும் அப்புடியே சொல்றேன். ஆனா சொந்தக்காரன் மூஞ்ச சுளிச்சா கதவ தொறக்கறவன்கிட்ட என் ஊர் பேர வெக்க முடியாது, தம்பி."

அடுத்த நாளிலிருந்து அவர் ஊர்ப் பெயரை மனதிலேயே வைத்துக்கொள்கிறார். அந்தச் சர்வரை வாடகைக்கு விட்டவர்களிடமே நான் திருப்பி ஒப்படைத்துவிட்டேன். மனைவி அக்கா வீட்டுக்குப் போகும்போது நான் கடையில் வேலை இருக்கிறது என்கிறேன், அவளும் வற்புறுத்துவதில்லை.

நடந்தது இவ்வளவுதான். சகலைக்குக் கேமரா மாட்டுகிற வேலை ஒன்று கிடைத்தது. அந்த வேலையைக் கொடுத்தவர் எதிர் மண்டிக்காரர். அதற்குப் பதிலாகச் சகலை தினமும் சாயங்காலம் என் சர்வருக்குள் போய் மறுநாள் ஊரைப் பார்த்துச் சொன்னார். நான் எல்லோருக்கும் கதவை மூடிய அந்த ஒரு வாரம் அவரால் முடியவில்லை. நான் திறந்துவிட்டதும் மறுபடி பார்த்துச் சொன்னார்.